கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன்

மாசி மாதத் தொடக்கத்தில் நம் விடுதி உணவுக்கூடத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு விண்ணப்பம் ஒட்டப்பட்டிருந்ததை நீங்கள் அறிவீர்கள். குளக்கரைப் பாதையில் திரியும் வாத்துகளையும் கோழிகளையும் உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று பல்கலைக்கழக நிருவாகத்தைக் கேட்டுக்கொள்ளும் விண்ணப்பம் அது. அதில் 41 பெயர்கள் இருந்தன. பெரும்பாலானவை நம் தமிழ் மன்றத்தாரின் பெயர்கள். 7-ஆவது பெயர் என்னுடையது.

அந்தக் கையெழுத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஏன் என்று சொல்வதற்கே இக்கட்டுரை.

நடந்தது சிறு நிகழ்ச்சி. முதலாண்டு நண்பர் ஒருவர் காலை வகுப்புக்கு விரைந்துகொண்டிருந்தார். நீண்ட கழுத்துடைய வெள்ளைப் பறவை ஒன்று சீறிக்கொண்டு ஓடிவந்து அவருடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. செருப்பு ஒரு பக்கம், குறிப்பேடு ஒரு பக்கம், நண்பர் ஒரு பக்கம். பார்த்தவர்கள் சிரித்தோம். அன்றிரவே விண்ணப்பம் எழுத உட்கார்ந்தோம். "நீ விலங்கியல் படிப்பவன், நீ எழுதினால் எடுபடும்" என்றார்கள். 'சுகாதாரக் கேடு', 'பறவைக் காய்ச்சல் அபாயம்' என்னும் சொற்களை அதில் சேர்த்தவன் நானே. எடுபடத்தான் செய்தது. நம் குளியலறைக் குழாயைப் பற்றி எழுதிய விண்ணப்பம் இரண்டு பருவத் தேர்வுகளைக் கண்டும் இன்னும் உறங்குகிறது. வாத்து விண்ணப்பத்துக்கோ பத்தே நாளில் ஆணை பிறந்தது!

அந்த ஆணை யாருக்குப் போயிற்று என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்க்கவில்லை. நானும் எண்ணவில்லை. குளத்துக்கு அப்பால் தோட்டக்காரர்கள் குடியிருக்கும் ஓட்டு வீடுகளின் வழியாக ஒரு மாலை வந்துகொண்டிருந்தேன். நாமெல்லாரும் 'மாஷி' என்று அழைக்கும் தோட்டக்காரர் மனைவி என்னைக் கூப்பிட்டார். அரைகுறையாகவேனும் வங்காளி பேசுகிறவன் என்பதால் என்னிடம் அவருக்குச் சற்று உரிமை உண்டு. கையில் ஒரு தாள். "பாபா, இங்கிலீஷில் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்" என்றார்.

படித்துச் சொன்னேன். ஏழு நாட்களுக்குள் பறவைகளை எல்லாம் வளாகத்தைவிட்டு அகற்ற வேண்டும் என்றிருந்தது. மாஷி கோபிக்கவில்லை; அழவும் இல்லை. ஒரு கணக்கை மட்டும் சொன்னார். "ஏழு நாளா? பொரிக்க இன்னும் பதினொரு நாள் இருக்கிறதே."

வீட்டின் பின்புறம் அழைத்துச் சென்று காட்டினார். மூங்கில் தட்டி மறைவில், வைக்கோலின் மேல், தன் மார்புத் தூவியையே பிடுங்கி மெத்தையிட்டு, ஒரு பெட்டை அடைகாத்துக்கொண்டிருந்தது. அதன் அடியில் பதினொரு முட்டைகள். பக்கத்துச் சுவரில் அடுப்புக்கரியால் கிழித்த கோடுகள். எண்ணினேன்: பத்தொன்பது.

சுவரில் கரிக்கோடு கிழித்து நாளை எண்ணும் வழக்கம் வங்காளத்துக்கு மட்டும் உரியதன்று. கரிசல் காட்டில் இருக்கும் எங்கள் வீட்டுச் சுவரிலும் அம்மா அப்படித்தான் கிழிப்பாள். கோழியை அடை வைக்கும்போது கூடையில் ஓர் இரும்புத் துண்டும், கரியும், வரமிளகாயும் போட்டுவைப்பாள். இடி இடித்தால் முட்டை கெடாதாம். இருபத்தொன்றாம் நாள் பஞ்சாரத்தைத் தூக்கினால் குஞ்சுகளின் கீச்சொலி கேட்கும். அந்தக் கோழிகள் தந்த காசு அவளுடைய சிறுவாடு. அதற்கு வீட்டில் யாருக்கும் அவள் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் சேர வந்தபோது ரயில் கட்டணத்துக்கு ஆறு சேவல்களை விற்றாள். அந்த ஆறு சேவல்களால் இங்கு வந்து சேர்ந்தவன்தான், இன்னொரு தாயின் கோழிகளை விரட்டும் விண்ணப்பத்தில் 7-ஆவது கையெழுத்துப் போட்டேன். அதை மாஷியிடம் அன்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

இனி, அந்தப் பறவையைப் பற்றிச் சில சொற்கள். நம்மூரில் சிறியதையும் பெரியதையும் பொதுவாக வாத்து என்றே சொல்லிவிடுகிறோம். வங்காளத்தார் சிறியதை 'ஹாஷ்' என்றும், நீண்ட கழுத்துடைய பெரியதை 'ராஜ்ஹாஷ்' என்றும் பிரித்துச் சொல்வர். பெரியதை நான் பெருவாத்து என்கிறேன். நம் நண்பரின் காலைக் கவ்வியது பெருவாத்தின் ஆண். பெட்டை மட்டுமே அடைகாக்கும். ஆணின் வேலை காவல். பெட்டை கூட்டில் இருக்கும் ஏறத்தாழ முப்பது நாட்களும், குஞ்சுகள் ஓரளவு வளரும் சில வாரங்களும், அந்த வழியாகச் செல்லும் நாயும் ஒன்று, மாணவரும் ஒன்று அதற்கு. மற்ற மாதங்களில் அதே பறவை நம்மைப் பொருட்படுத்தாமல் புல் மேய்ந்துகொண்டிருந்ததை நாம் பார்த்ததில்லையா? அதன் சீற்றம் குணக்கேடு அன்று, பருவத்தின் கடமை. வங்காளத்தில் வசந்தம் பால்குனத்தில், அதாவது நம் மாசியில், தொடங்கிவிடுகிறது. நாம் அதன் கூட்டுக்குப் பத்தடித் தொலைவில், வசந்தத்தில், குறுக்குவழி கண்டுபிடித்தோம். குற்றம் யாருடையது?

மாஷியின் ஆண் பறவைக்கு அலகு தொடங்கும் இடத்தில் ஒரு சிறு புடைப்பு உண்டு. சீனத்துப் பெருவாத்தின் வழிவந்தது என்பதற்கு அதுவே அடையாளம். ஐரோப்பியச் சாம்பல் பெருவாத்து வேறு இனம், சீனத்துப் பெருவாத்து வேறு இனம். இரண்டும் கலந்து பிறந்த பறவைகள் மலடாக இராமல் பெருகுகின்றன என்பது 19-ஆம் நூற்றாண்டு உயிரியலுக்குப் பெரும் புதிர். 1859-இல் வெளிவந்த 'இனங்களின் தோற்றம்' நூலில், கலப்பினங்களைப் பற்றிய அதிகாரத்தில், சார்லஸ் டார்வின் இதற்குச் சான்றாக இந்தியாவையே காட்டுகிறார். இங்கே பல இடங்களில் கலப்புப் பெருவாத்துகளை மந்தை மந்தையாக வளர்க்கிறார்கள், இலாபத்துக்காக வளர்ப்பதால் அவை நன்கு இனம் பெருக்குவனவாகவே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். செய்தி தந்த இருவரில் ஒருவர் எட்வர்டு பிளைத். அவர் அப்போது இதே நகரத்தில், ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்தவர். டார்வின் நூலைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். அதில் சான்றாக நிற்கும் மந்தையின் வழித்தோன்றல் போன்ற ஒன்று விடுதிக்கு வெளியே நின்றால் விண்ணப்பம் எழுதுகிறோம்!

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தை மாதத்தில் இங்கே வசந்த பஞ்சமியன்று சரசுவதி பூசை நடந்தது. நமக்கு அது நவராத்திரியில் வருவது; இருந்தாலும் விடுதித் தோழர்களோடு நாமும் மலர் தூவி வணங்கினோம், தேர்வுக்காகச் சற்று அழுத்தியே வணங்கினோம். அந்தச் சிலையின் காலடியில் வெள்ளையாக நின்றது எது? களிமண்ணால் செய்ததை வணங்கிவிட்டு, உயிரோடு வந்ததை விரட்ட எழுதிக் கொடுத்தோம்.

"உணர்ச்சிப் பேச்சு வேண்டாம், பயன் என்ன சொல்" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நாமக்கல் நண்பர் ஒருவர் என்னிடம் அப்படித்தான் கேட்டார். "எங்கள் ஊர்ப் பண்ணைக்கோழி ஆண்டுக்கு முந்நூறு முட்டை இடும். இந்தக் கொல்லைக் கோழி ஐம்பதோ அறுபதோ இடும். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்றார். கணக்கு சரி. ஆனால் பாதிக் கணக்கு. பண்ணைக்கோழி உண்பது விலைகொடுத்து வாங்கிய மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். கொல்லைக்கோழி உண்பது சிந்திய அரிசியும், கறையானும், அடுப்பங்கரைக் கழிவும். பெருவாத்துக்கோ பெரும்பகுதி புல்லே போதும். முதலே போடாதவருக்கு ஐம்பது முட்டையும் இலாபமே. 2019-இல் எடுக்கப்பட்ட 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் இருந்த வளர்ப்புப் பறவைகள் 85 கோடிக்கு மேல். அவற்றில் ஏறத்தாழ 31.7 கோடி வீட்டுக் கொல்லையில் வளர்பவை. 2012-க்கும் 2019-க்கும் இடையில் கொல்லைப் பறவைகள் ஏறத்தாழ 46 விழுக்காடு பெருகின. பண்ணைப் பறவைகளோ ஐந்து விழுக்காடுகூடப் பெருகவில்லை. அழிந்துகொண்டிருக்கும் பழைய வழக்கம் என்று நாம் நினைப்பது அழியவில்லை. ஏழை வீடுகள் அதைப் பயனறிந்தே வளர்க்கின்றன. மாஷியின் மகள் இவ்வாண்டு பத்தாம் வகுப்பு. ஒரு சோடிப் பெருவாத்து விற்றால் அவளுடைய தனிவகுப்புக் கட்டணம் ஒரு மாதத்துக்கு அடைபடும். நம் விண்ணப்பத்தில் இது எந்த வரியில் இருந்தது?

இனிக் கடினமான கேள்விக்கு வருகிறேன். பறவைக் காய்ச்சல் என்று எழுதியது பொய்யா? பொய் இல்லை. இன்று உலகை அச்சுறுத்தும் எச்5என்1 வைரஸ் மரபு, 1996-இல் சீனத்தின் குவாங்துங் மாநிலத்தில் ஒரு பெருவாத்திடமிருந்தே முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. 1997-இல் ஹாங்காங்கில் 18 பேரைத் தொற்றி, ஆறு பேரைக் கொன்றது. இந்தியாவில் 2006 பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2008 சனவரியில் இதே மேற்கு வங்கத்தில் பல மாவட்டங்களில் பரவி, இலட்சக்கணக்கான பறவைகளை அழிக்க நேர்ந்தது. வாத்தினப் பறவைகள் சில வேளை நோய்க்குறி எதுவும் காட்டாமலே இவ்வைரஸைச் சுமக்கும். இவ்வளவும் உண்மை. விலங்கியல் மாணவன் இதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது.

ஆனால் இந்த உண்மையிலிருந்து நாம் வந்த முடிவு தவறு. நவாப்பூர் கொல்லைக்கோழிக்குப் பெயர் பெற்ற ஊர் அன்று. பெரும் பண்ணைகள் நிறைந்த ஊர். நோய் பண்ணை, கொல்லை என்று பார்ப்பதில்லை. அதைத் தடுக்கும் முதல் ஆயுதம், ஒரு பறவை திடீரென்று செத்தால் அன்றே கால்நடை மருத்துவருக்குச் செய்தி போவது. அந்தச் செய்தியை யார் சொல்ல வேண்டும்? மாஷிதான் சொல்ல வேண்டும். அவர் எப்போது சொல்வார்? சொன்னால் உதவி வரும் என்று நம்பினால் சொல்வார். காரணம் இல்லாமலே பறவைகளை அகற்றச் சொல்லும் ஆணை வருவதைக் கண்டபின், நாளை இரண்டு கோழி செத்தால் என்ன செய்வார்? இரவோடு இரவாகக் குழிதோண்டிப் புதைப்பார். மற்றவற்றை உறவினர் வீட்டுக்குக் கூடையில் அனுப்புவார். நோய் பரவ இதைவிட நல்ல வழி உண்டா? நலவாழ்வின் பெயரால் நாம் எழுதிய விண்ணப்பம், நலவாழ்வுக்கு மிகவும் தேவையான நம்பிக்கையை உடைத்துவிட்டது. அறிவியலின் பெயரால் ஒரு வாக்கியம் எழுதுவது எளிது. அதனால் யார் வீட்டில் என்ன நடக்கும் என்று பார்ப்பதும் அறிவியல் படிப்பவனின் வேலைதான் என்று இப்போது உணர்கிறேன்.

நானும் இரு நண்பர்களும் நிருவாக அலுவலகத்துக்குச் சென்று கேட்டோம். பங்குனி முடியும்வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். "எழுதிக் கேட்டவர்கள் நீங்கள். நீங்களே எழுதித் திரும்பப் பெற்றால் ஆணையை மறுபடி பார்க்கலாம்" என்றார் அங்கிருந்த அதிகாரி. ஆகவே பொறுப்பு இப்போது நம் கையில் இருக்கிறது.

மாசி 23 அன்று காலையில் முட்டைகள் பொரித்தன. பதினொன்றில் எட்டு. அன்று நான் ஆய்வுக்கூடத்துக்குப் போகவில்லை. ஈரம் உலர்ந்து மஞ்சள் பந்துகளாக அவை எழுந்து நின்றதும், கண்ணுக்கு முதலில் தெரிந்த தாயின் பின்னால் வரிசையாக நடக்கத் தொடங்கின. இப்படிப் பிறந்தவுடன் கண்டதைத் தாயாக மனத்தில் பதித்துக்கொள்ளும் இயல்பை கான்ராட் லோரன்சு 1935-இல் விரிவாக எழுதினார். பறவைகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்தப் பாடத்தை நான் மூன்று முறை தேர்வில் எழுதியிருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான். தாயைவிட்டுப் பிரித்து, கூடைக்கு நான்காக வேறு யாருக்காவது கொடுத்துவிடலாமே என்று சொல்வோர் அந்த வரிசையை ஒருமுறை வந்து பார்க்கட்டும். குஞ்சுகளுக்கு முதல் சில வாரங்கள் தாயின் சூடு வேண்டும். தூவி மட்டுமே உள்ள பருவத்தில், கால்பைசாகி என்று இங்கே சொல்லும் கோடைப் புயல்மழையில் முழுக்க நனைந்தால் குளிரிலேயே இறந்துவிடும். சரியாக அந்தப் புயல் வீசும் சித்திரைத் தொடக்கத்தில் அவற்றை வெளியேற்றச் சொல்கிறது தவணை.

ஆகவே நான் முன்வைப்பது இது. பழைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு மடல் எழுதுவோம். பறவைகள் எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதில் எழுத மாட்டோம். முறையாக இருக்கட்டும் என்று எழுதுவோம். குளக்கரைப் பாதைக்கும் ஓட்டு வீடுகளுக்கும் நடுவில் இடுப்பளவு மூங்கில் வேலி வேண்டும். மூங்கிலுக்கு மன்றத்தின் பொங்கல் விழாச் செலவில் மிஞ்சிய தொகை போதும். கட்டுவதற்கு நம் கைகள் இருக்கின்றன. கோழிகளையும் வாத்துகளையும் தனித்தனியே அடைக்க வேண்டும். காட்டுப் பறவைகள் வந்து இறங்கும் பெரிய குளத்தில் விடாமல், குளிக்கவும் தலை நனைக்கவும் கொல்லையிலேயே ஒரு தொட்டி அமைக்க வேண்டும். கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியும், வாத்துகளுக்கு வாத்துக்கொள்ளை நோய்த் தடுப்பூசியும் போடுவதற்குக் கால்நடை மருத்துவமனைக்கு மாஷியோடு நம்மில் ஒருவர் துணைபோக வேண்டும். பறவையைத் தொட்டபின் சோப்பால் கை கழுவுவது, முட்டையையும் இறைச்சியையும் நன்றாக வேகவைத்தே உண்பது, செத்த பறவையைத் தொடாமல் உடனே தெரிவிப்பது ஆகிய மூன்றையும் வங்காளியிலும் இந்தியிலும் எழுதி அந்த வீடுகளில் ஒட்ட வேண்டும். இங்கிலீஷில் ஒட்டினால் மறுபடியும் யாரையாவது கூப்பிட்டுத்தான் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கும்.

நண்பர்களே, நாம் இங்கு மொழி புரியாத ஊருக்கு வந்தவர்கள். புரியாத மொழியில் எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "இதில் என்ன இருக்கிறது?" என்று பிறரைக் கேட்டு நிற்கும் நிலை நமக்குப் புதிதன்று. முதல் மாதத்தில் வங்கியிலும் அஞ்சலகத்திலும் நாம் அப்படி நின்றோம். அன்று நமக்குப் படித்துச் சொன்னவர்களை நினைத்துக்கொள்வோம். மாஷி தன் சொந்த ஊரிலேயே அப்படி நிற்க நாம் காரணமாகிவிட்டோம்.

இவ்விதழ் உங்கள் கைக்கு வரும் வாரத்தின் ஞாயிறு மாலை மன்றக் கூட்டம் நடக்கும். புதிய மடல் மேசைமேல் இருக்கும். இம்முறை முதற் கையெழுத்து என்னுடையது. காலைக் கடிபட்ட நண்பர் இரண்டாவதாகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். வேலி எழும்வரை சுற்றுவழியாகவே வகுப்புக்குப் போகிறார். மீதி 39 பேரையும் அங்கே எதிர்பார்க்கிறேன்.